கஸ்டம்ஸில் பிடிபடாதவை: பர்மாவை விட்டுப் போன தமிழர் கொண்டுபோனதும் விட்டுப்போனதும்

யாங்கோன் (பழைய ரங்கூன்) அனோரதா சாலையில், காளியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், தோசைக்கல் போட்ட கடைகள் உண்டு. பர்மியர் அதைத் ‘தோஷே’ என்பார்கள். வேகவைத்த பட்டாணியைத் தூவி, மொறுமொறுவென மடித்துக் கையில் கொடுப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், சென்னையில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார். அதன் பின்தெருவில் ‘அத்தோ’ என்ற நூடுல்ஸ் கலவையைப் பிசைகிறார்கள். தோஷே சாப்பிடும் பர்மியருக்கு அது எங்கிருந்து வந்தது என்ற நினைப்பில்லை. அத்தோ சாப்பிடும் சென்னைக்காரருக்கும் அப்படித்தான்.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. 2023 மே மாதம் இனக்கலவரத்தில் மணிப்பூர் பற்றி எரிந்தபோது, மோரே என்ற எல்லை ஊரில் தமிழர் வீடுகளும் எரிந்தன என்ற செய்தி வந்தது. அங்கே தமிழர்கள் எப்படி என்று பலரும் கேட்டார்கள். 2024 பிப்ரவரியில் மியன்மார் (பர்மா) ராணுவ அரசு கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 18 முதல் 35 வயது வரையிலான ஆண்களும், 18 முதல் 27 வரையிலான பெண்களும் அதில் அடக்கம். இளைஞர்கள் மறுபடி எல்லையை நோக்கி நகர்கிறார்கள். இவர்கள் அகதிகளா? முன்பு போனவர்கள் அகதிகளா? போனவர்களால் போன இடத்துக்கு என்ன கிடைத்தது? ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும் இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் சொற்கள்

1. அகதி: 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கைப்படி, இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றில் ஏதோ ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர், அந்த நாட்டின் பாதுகாப்பைப் பெற முடியாதவர் அல்லது அந்த அச்சத்தால் பெற விரும்பாதவர். இந்தியா இந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை.

2. தாயகம் திரும்பியோர்: 1960-களில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு இந்திய அரசு வைத்த பெயர். சட்டப்படி இவர்கள் அகதிகள் அல்லர். ‘சொந்த நாட்டுக்கு’ வந்தவர்கள். ஆனால் அவர்களில் பெரும் பகுதியினர் பிறந்தது பர்மாவின் பெகுவிலும் தட்டோனிலும் மோல்மேனிலும். மதராஸ் துறைமுகத்தில் இறங்கிய அன்றுதான் அந்தத் ‘தாயகத்தை’ முதல்முறை பார்த்தவர்கள் ஏராளம்.

3. 1942-இல் நடந்து போனவர்களுக்கு இந்த இரண்டு பெயரும் ஒட்டவில்லை. ஏனென்றால் 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். பிரிந்து ஐந்து வருடம்கூட ஆகாத நிலையில், போர் அவர்களை விரட்டியது.

ஊரில் எல்லாரும் ‘பர்மா அகதிகள்’ என்றே சொல்கிறார்கள். நடந்ததைப் பார்த்தால், கோப்பில் எழுதியதைவிட ஊர் சொன்னதுதான் சரி என்பேன். இந்தக் கட்டுரையிலும் அந்தச் சொல்தான்.

ரங்கூன் ஏன் பாதி இந்திய நகரமாக இருந்தது?

1824–26, 1852, 1885 என்று மூன்று போர்களில் பர்மாவை ஆங்கிலேயர் துண்டு துண்டாகப் பிடித்தார்கள். ஐராவதி டெல்டாவின் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்க ஆளும் பணமும் வேண்டியிருந்தது. ஆட்களை மேஸ்திரிகள் கப்பலில் கூட்டிவந்தார்கள். பணத்தை நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கொடுத்தார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 லட்சம். அதில் 2 லட்சத்து 12 ஆயிரம் பேர் இந்தியர். தெலுங்கர், தமிழர், வங்காளியர், ஒடியர், இந்துஸ்தானியர் எல்லாரும் சேர்ந்த எண்ணிக்கை அது.

அப்புறம் உலகப் பொருளாதார மந்தம். 1930-ஐ ஒட்டி நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயி கட்ட முடியாமல் நின்றார். அடமான நிலம் செட்டியாரிடம் வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937-இல் அது 25 சதவீதம். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் பர்மியரின் கோபத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் கோபம் விழுந்தது நிலத்தை வாங்கியவர் தலையில் மட்டும் இல்லை. 1930, 1938 கலவரங்களில் அடிபட்டவர்களில் நிறையப் பேர் துறைமுகக் கூலிகளும் தெருக்கடைக்காரர்களும். நிலப் பத்திரத்தைக் கண்ணாலும் பார்க்காதவர்கள்.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைக் காட்டி, ‘பர்மா அகதிகளின் கொடை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது லாபமாக வந்த பொருள். வெளியேற்றத்துக்கு முன்னால் வந்தது. எல்லாம் போன பிறகு வந்ததைத்தான் அகதிகள் கொண்டுவந்தது என்று சொல்ல முடியும். இரண்டும் வேறு வேறு ஆட்களின் கதை.

இரண்டு வெளியேற்றங்கள்

1. 1942. ஜப்பானிய விமானங்கள் 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. 4 முதல் 5 லட்சம் பேர் இந்தியாவை நோக்கிக் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தது கொஞ்சம் பேருக்கு. மற்றவர்கள் அரக்கான் மலையைத் தாண்டிச் சிட்டகாங்குக்கும், தமு வழியாக மணிப்பூருக்கும், வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும் நடந்தார்கள். காலரா, மலேரியா, பசி. இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். சரியான கணக்கை யாரும் எடுக்கவில்லை. வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று வழியிலேயே பிரித்துவிட்டதை, நடந்து பிழைத்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

2. 1964. ராணுவத் தளபதி நே வின் 1962 மார்ச் 2 அன்று ஆட்சியைப் பிடித்தார். 1963-இல் வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை. பின்னர் மற்ற ஊர்களிலும். 1964 மே 17 அன்று 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. சட்டத்தில் ‘இந்தியர்’ என்ற சொல் இல்லை. பர்மியர், சீனர் கடைகளும் போயின. ஆனாலும் கடைத்தெரு பெரும்பாலும் யார் கையில் இருந்ததோ அவர்கள்தான் தெருவுக்கு வந்தார்கள். குடியுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தவர்கள் ‘அந்நியர்’ பட்டியலில் கிடந்தார்கள். அந்நியருக்கு வேலை இல்லை, உரிமம் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். தமிழ்நாட்டு அரசின் கணக்கில் அங்கே வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1.44 லட்சம்.

இரண்டாவது வெளியேற்றத்தில் ஒரு விஷயம் முக்கியம். 1942-இல் தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு போகலாம், தடுக்க ஆளில்லை. 1964-இல் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் இருந்தது. கையில் சிறு தொகை தவிரப் பணம் கூடாது, நகைக்கும் கட்டுப்பாடு. பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். ஆகவே போய்ச் சேர்ந்தது எது என்று பட்டியல் போட்டால், பெட்டியில் வைக்க முடியாதவைதான் அதில் இருக்கும்: கைப்பக்குவம், நாக்கின் ருசி, சாமியின் பெயர், வியாபாரத் தைரியம். அகதிகளின் ‘கலாச்சாரப் பங்களிப்பு’ என்று பெரிய வார்த்தையில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். யாரும் பரிசளிக்க எடுத்துப் போகவில்லை. மறுநாள் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகத் தெரிந்ததைச் செய்தார்கள்.

அத்தோ: ஒரு தட்டைக் கிட்டே வைத்துப் பார்த்தால்

பர்மிய மொழியில் ‘அதோக்’ என்றால் கையால் பிசைந்தது, கலவை. இங்கே அது ஒரு பண்டத்தின் பெயர் இல்லை. ஒரு வகையின் பெயர். முன்னால் ஒரு சொல் சேரும்: ஊறவைத்த தேயிலையைப் பிசைந்தால் ‘லப்பெத் தோக்’, இஞ்சியைப் பிசைந்தால் ‘ஜின் தோக்’, நூடுல்ஸைப் பிசைந்தால் ‘கௌஸ்வே தோக்’. சமோசாவைக்கூட வெட்டிப்போட்டுத் தோக் செய்வார்கள். சென்னைக்குப் போனதும் வகைப்பெயரே ஒரே ஒரு பண்டத்தின் பெயராக ஒட்டிக்கொண்டது. நூடுல்ஸ் தோக் மட்டும் ‘அத்தோ’ ஆனது.

தட்டில் என்ன இருக்கிறது? ஆரஞ்சு நிறம் ஏற்றிய தடித்த நூடுல்ஸ், மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம். மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயமும் பூண்டும், அவை வறுபட்ட எண்ணெயும். புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு. கடைசியாக நொறுக்கிய ‘பேஜோ’. எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். பேஜோ என்பதும் பர்மியச் சொல்தான்: ‘பே’ என்றால் பருப்பு, பயறு, ‘ஜோ’ என்றால் பொரித்தது. பக்கத்தில் அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் காரமும் புளியும் அடைத்த ஒரு தட்டு. குடிக்க வாழைத்தண்டு சூப்.

இப்போது எது கடல் தாண்டியது, எது தாண்டவில்லை என்று பாருங்கள். அதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது.

1. புளி, பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ்: மதராஸ் சந்தையில் மலிவாகக் கிடைத்தவை. எனவே அத்தோ தாண்டியது. அடுப்பும் அதிகம் வேண்டாம், தள்ளுவண்டி போதும். முதல் இல்லாதவருக்கு ஏற்ற தொழில்.

2. மொஹிங்கா பாதி தாண்டியது. பர்மாவில் அது காலை உணவு. மீனும் எலுமிச்சைப்புல்லும் வாழைத்தண்டும் சேர்ந்து கொதித்த குழம்பில் அரிசிச் சேமியா. வாழைத்தண்டு தமிழருக்குப் புதிதில்லை, நின்றது. மீன் பல கடைகளில் விடுபட்டது. அந்தச் சூப்தான் அத்தோவுக்குத் துணையாக மாறியது.

3. லப்பெத் தாண்டவில்லை. புளிக்கவைத்த தேயிலைக்குச் ஷான் மலையிலிருந்து இலை வர வேண்டும். மீனைப் புளிக்கவைத்த ஙாப்பியும் பர்மாத் தமிழர் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. வாசனை பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆகவில்லை.

அகதி சமைக்கும் உணவு எப்போதும் இப்படித்தான். ஊர் ஏற்றுக்கொள்ளும் பாகம் தெருவுக்கு வரும், மற்றது அடுக்களையில் தங்கும். வெளியே தெரிவதை மட்டும் வைத்து ‘இதுதான் அவர்கள் பண்பாடு’ என்று எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறோம் என்று பொருள்.

பர்மா பஜாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1969-இல் மதராஸ் துறைமுகத்தை ஒட்டிய சாலையோரத்தில் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குக் கடைகள் ஒதுக்கினார்கள். வெளிநாட்டுப் பொருள் என்றால் அங்கேதான் என்று ஒரு தலைமுறை பழகியது. அதே 1969-இல் அவர்களுக்காக ஒரு கூட்டுறவு வங்கியும் தொடங்கியது. ‘ரெப்கோ’ என்ற பெயரில் ‘ரெப்’ என்பது தாயகம் திரும்பியோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துகள். அங்கே கடன் வாங்குகிற பலருக்கு இது தெரிந்திருக்காது.

எழுத்து, சாமி

1942-இல் நடந்தவர்களில் ஒருவர் வெ. சாமிநாத சர்மா. 1932 முதல் பத்து ஆண்டுகள் ரங்கூனில் இருந்தார். 1937-இல் தொடங்கிய ‘ஜோதி’ என்ற மாத இதழின் ஆசிரியர். உலக அரசியலைத் தமிழில் எளிமையாகச் சொல்லும் ஏராளமான நூல்களை எழுதியவர். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அவரும் அவர் மனைவியும் காடு மலை தாண்டி நடந்த அனுபவம் ‘பர்மா வழிநடைப் பயணம்’ என்ற நூலாக இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, ரங்கூன் அப்போது தமிழ் அச்சுக்கும் பதிப்புக்கும் ஓர் ஊராக இருந்தது என்பது. அந்த அச்சகங்களையும் வாசகர்களையும் மொத்தமாக விட்டுவிட்டு, எழுதத் தெரிந்த கையோடு அவர் மதராஸுக்குப் போனார். தமிழ்நாட்டுக்கு ஓர் எழுத்தாளர் திரும்பக் கிடைத்தார். பர்மாத் தமிழருக்கு ஓர் இதழ் இல்லாமல் போயிற்று.

தமிழர் அல்லாதோரிலும் உண்டு. இந்தித் திரையுலகின் நடனக்காரர் ஹெலன் ரங்கூனில் பிறந்து, குழந்தையாக அந்தப் பாதையில் நடந்து வந்தவர்.

சாமி விஷயம் இன்னும் ஆழமானது. பர்மாவில் நகரத்தார் தாங்கள் கடை வைத்த ஊர்களில் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். உழைக்கும் தமிழர் முனீஸ்வரரையும் அங்காளபரமேஸ்வரியையும் மாரியம்மனையும் வைத்தார்கள். பீலிக்கான் என்ற ஊரில் உள்ள அங்காள ஈஸ்வரி முனீஸ்வரர் கோயில் இங்கே பெயர்பெற்றது. 1964-க்குப் பிறகு போனவர்கள் வடசென்னையில் பீலிக்கான் முனீஸ்வரர் என்ற அதே பெயரோடு கோயில் எழுப்பினார்கள். இதன் திசையைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கிராமத்துக் காவல் தெய்வம் கடல் தாண்டி பர்மாவுக்கு வந்தது. இங்கே ஓர் ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெயரோடு தமிழ்நாட்டுக்கே திரும்பிப் போனது. திரும்பிப் போன தெய்வத்தை ‘வெளியூர்ச் சாமி’ என்று பார்த்தார்கள், அவரைக் கும்பிட்டவர்களை ‘பர்மாக்காரர்’ என்று பார்த்தது போலவே.

இங்கே தங்கியது

பங்களிப்பு என்றால் போன இடத்தில் மட்டும் தேடுவது வழக்கம். விட்டுப்போன இடத்திலும் தேட வேண்டும்.

அனோரதா சாலைக் காளி கோயில் 1871-இல் தமிழர் கட்டியது. பெயர் மாறிய தெருக்களுக்கு நடுவே கோபுரம் அப்படியே நிற்கிறது. தோஷே எங்கும் கிடைக்கிறது. பர்மிய மொழியில் செட்டியாருக்கு ‘சித்தி’ என்று ஒரு சொல்லே உண்டு; ‘செட்டி’யிலிருந்து போனது.

இன்னொரு சொல் வலிக்கும் சொல்: ‘கலா’. மேற்கிலிருந்து வந்தவரை, குறிப்பாக இந்தியரைக் குறித்த பழைய சொல். இன்று தெருவில் அதைச் சொன்னால் வசைதான். ஆனால் பர்மியர் உட்காரும் நாற்காலிக்குப் பெயர் ‘கலதைன்’, அதாவது கலா உட்காருவது. கொண்டைக்கடலை ‘கலபே’, கலா பருப்பு. திரைச்சீலை ‘கலகா’. வசைச்சொல்லாக வெறுக்கும் அதே சொல்லின் மேல் தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு சமூகத்தை வெளியே அனுப்பலாம், அது மொழிக்குள் விட்டதை அனுப்ப முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

தங்கிய தமிழர்களின் நிலைமை வேறு. 1965-இல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. தமிழ்ப் பள்ளிகளும் அதோடு போயின. பிள்ளைகளுக்கு பர்மியப் பெயர் வைத்தார்கள். தமிழ் எழுத்து, கோயில் மண்டபத்தில் வார இறுதியில் சொல்லிக்கொடுக்கும் பாடமாகச் சுருங்கியது. 1982 குடியுரிமைச் சட்டம் 1823-ஆம் ஆண்டை எல்லைக்கோடாக்கியது, அதாவது முதல் ஆங்கிலோ-பர்மியப் போருக்கு முந்தைய ஆண்டு. அதற்கு முன்பே இங்கே இருந்த இனங்கள் என்று அரசு ஏற்றவர்களுக்கே இயல்பான முழுக் குடியுரிமை. மற்றவர்கள் தாத்தா காலத்துக் காகிதத்தைத் தேட வேண்டும். முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமகனுக்கு நீலம், இயல்புரிமை பெற்றவருக்குப் பச்சை. இளஞ்சிவப்பு அட்டை இருக்கும் வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள தூரம் இங்கே பெரிது.

மோரே: வழியில் நின்றவர்கள்

இப்போது முதலில் சொன்ன மோரேவுக்கு வரலாம். 1964-க்குப் பிறகு தமிழ்நாட்டில் இறங்கியவர்களில் சிலருக்கு அந்த ஊர் ஒட்டவில்லை. பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடலாம் என்று ரயிலேறி வடகிழக்குக்குப் போய், மணிப்பூர் வழியாக எல்லைக்கு நடந்தார்கள். பர்மிய ராணுவம் உள்ளே விடவில்லை. தமுவுக்கு எதிரே, இந்தியப் பக்கம் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் அங்கே கட்டியது அங்காளபரமேஸ்வரி, முனீஸ்வரர் கோயில். பீலிக்கானில் சேர்ந்து நிற்கும் அதே இரண்டு தெய்வங்கள். தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். குக்கி, மெய்தேய், நேபாளி, பஞ்சாபி எல்லாரும் புழங்கும் சந்தையில் இட்லியும் தோசையும் விற்றார்கள். மொஹிங்காவும் அங்கே கிடைக்கும்.

எல்லைச் சந்தை அவர்களை வாழவைத்தது. எல்லை மூடும்போதெல்லாம் அதுவே அவர்களைச் சாய்த்தது. 1990-களின் நாகா-குக்கி மோதலில் பல குடும்பங்கள் கிளம்பின. 2022 ஜூலையில் மோரேயிலிருந்து தமுவுக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஊரே எரிந்தது. 2024 பிப்ரவரியில், எல்லையோர மக்கள் விசா இல்லாமல் வந்துபோகும் ஏற்பாட்டை ரத்து செய்வதாக இந்திய அரசு அறிவித்தது.

சரி, இன்று போகிறவர்கள் அகதிகளா?

ராணுவச் சேவைக்குத் தப்பி யாங்கோனிலிருந்தும் பெகுவிலிருந்தும் கிளம்பும் இளைஞர்கள் பெரும்பாலும் போவது தாய்லாந்து எல்லைக்கு, சிலர் மலேசியாவுக்கு, சின் மாநிலத்தவர் மிசோரமுக்கு. தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியாவும் 1951 உடன்படிக்கையில் இல்லாத நாடுகள். அதனால் ஒருவர் எதற்குப் பயந்து வந்தார் என்று அந்த நாடுகளின் சட்டம் பெரும்பாலும் கேட்காது. விசா இருக்கிறதா என்றுதான் கேட்கும். 1964-இல் கப்பலில் வந்தவருக்குத் ‘தாயகம் திரும்பியவர்’ என்றாவது ஒரு பெயரும், ஒரு கடனும், ஒரு மனையும் இருந்தன. இப்போது போகும் தமிழ்ப் பையன் கையில் இளஞ்சிவப்பு அட்டை இருந்தாலும் எல்லைக்கு அப்பால் காகிதத்தில் அவன் பெயர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றுதான் இருக்கும்.